195 கிலோவில் ஓர் எட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணி. அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், இன்னும் வீடுகள் எழும்பாத ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. எல்லைக் கற்கள், இரண்டு வேப்பமரங்கள், ஓரமாகச் சீமைக்கருவேலம், நடுவில் முப்பது அடித் தார் ரோடு. ஆவடிப் பக்கத்துக் கார் ஷெட்டிலிருந்து மின்சார ரயில்கள் கிளம்பும் சத்தம் கேட்கும். அந்த ரோட்டில் சுண்ணாம்புத் தூளால் பெரிதாக ஓர் எட்டு வரைந்து, அதன் மேல் நடக்கிற வேகத்தில் புல்லட்டைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

பால் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "இப்பத்தான் வண்டி பழகுறீங்களா மேடம்?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இருபது வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். மெதுவாக ஓட்டுவதைத்தான் 46 வயதில் படிக்கத் தொடங்கினேன். கனமான வண்டி வைத்திருக்கும் எல்லோரும், வைத்திருப்பவர்களின் வீட்டாரும், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

விழுந்த இடம்

ஆடி மாதம் என் தம்பி வேலைக்காகச் சிங்கப்பூர் போனான். அவனுடைய புல்லட், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. அதுவரை நான் ஓட்டியது ஸ்கூட்டர். அதன் எடை 110 கிலோவுக்கும் குறைவு. இது பெட்ரோலோடு சேர்த்து 195 கிலோ. சீட் 805 மில்லிமீட்டர் உயரம். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். உட்கார்ந்தால் முன்பாதம்தான் தரையில் படும், குதிகால் அந்தரத்தில் நிற்கும்.

நேராக ஓடும்போது ஒரு பயமும் இல்லை. சி.டி.எச். ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ரயில் மாதிரி போயிற்று. ஸ்கூட்டரைவிட இது சுலபமாக இருக்கிறதே என்றுகூட வீட்டில் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, அதே ரோட்டில் நடுத்தடுப்பு இடைவெளியில் யு டர்ன் அடித்தேன். பாதி திரும்பியிருந்தபோது எதிரில் ஒரு ஷேர் ஆட்டோ வளைந்து வந்தது. பதறிப்போய் வலது கைப் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வண்டி நின்ற அதே நொடியில் வலது பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றினேன். கால் தாங்கவில்லை. அப்படியே படுத்துவிட்டது.

குப்பை அள்ளிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாவும், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து தூக்கினார்கள். முட்டியில் சிராய்ப்பு, பிரேக் லீவர் வளைந்திருந்தது, அவ்வளவுதான். விழுந்தபோது என் வேகம் ஒரு மனிதர் விறுவிறுவென்று நடக்கிற வேகம்கூட இருக்காது. அதே இடத்தில் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ற எண்ணம் பல நாள் தூங்கவிடவில்லை.

வலது கால் கியர்

லீவர் மாற்றப் போன மெக்கானிக் கடையில்தான், பின்னால் எனக்குச் சொல்லித் தந்த சாரைப் பார்த்தேன். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் தகவல் கொண்டுபோகும் பைக் ஓட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவடியில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. டாங்க் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். எல்லாம் இருக்கிற ஊர். அவருடைய வண்டி பழைய புல்லட். அதில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். மேலே ஒன்று, கீழே மூன்று. இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர்.

இந்த வண்டிக்கும் சென்னைக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியதற்கு இந்திய ராணுவத்தின் தேவை முக்கியமான காரணம். இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் நம் ஊர்க் கம்பெனி தொடர்ந்தது. 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் வந்தன. உலகத்துக்கே புல்லட் அனுப்புகிற ஊர்க்காரர்கள் நாம். அதை மெதுவாகத் திருப்பக் கற்றுக்கொடுக்கிற இடம் மட்டும் நம் தெருக்களில் இல்லை.

நான் விழுந்த கதையைக் கேட்டுவிட்டு சார் சொன்னார்: "ஓடுற வண்டியை யாரு வேணா ஓட்டலாம்மா. நிக்கப்போற வண்டியை ஓட்டுறதுதான் வித்தை. ஞாயித்துக்கிழமை காலைல வா, சொல்லித் தர்றேன். ஹெல்மெட், ஷூ, கையுறை இல்லாம வராதே."

ஏன் மெதுவாகப் போனால் ஆடுகிறது?

இரு சக்கர வண்டி வேகம் பிடித்துவிட்டால் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் அந்தப் பக்கமே லேசாகத் திரும்பி, விழுவதற்குள் வண்டியைத் தூக்கிவிடும். சுழலும் சக்கரத்தின் விசைதான் முழுக் காரணம் என்று நீண்ட நாள் நம்பப்பட்டது. 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, அந்த விசையை நீக்கிவிட்டு ஒரு சிறிய சைக்கிளைச் செய்து, அதுவும் தானாக விழாமல் ஓடுவதைக் காட்டியது. எடை எங்கே இருக்கிறது, கைப்பிடி எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது.

நடை வேகத்தில் இந்த உதவி கிடைக்காது. அங்கே வண்டியை நிமிர்த்தி வைப்பது நம் கை, கால், கண் மட்டுமே. ஆவடியில் செய்கிற டாங்க், ஒரு பக்கச் சங்கிலியை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். இரு சக்கர வண்டி திரும்ப வேண்டுமானால் சாய்ந்தே தீர வேண்டும். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை, அதாவது ஓர் இருபது அடித் தெருவின் அகலத்தை, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் ஏறக்குறைய 15 டிகிரி சாய வேண்டும். 12 கிலோமீட்டர் என்றால் 20 டிகிரியைத் தாண்டும். அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிப்பது வண்டியின் ஓட்டம். ஓட்டம் நின்றால் 195 கிலோவும் நம் காலுக்கு வரும்.

நான் விழுந்ததற்குக் காரணம் இதுதான். கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தேன், ஓட்டம் சட்டென்று நின்றது, சாய்வு அப்படியே இருந்தது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். என் வண்டியிலும் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நின்றுபோன வண்டி சாய்வதை அது தடுக்காது.

ஒரு நூல் கிளட்ச்

முதல் ஞாயிறு சார் எஞ்சினையே போடவிடவில்லை. வண்டியின் இடது பக்கம் நின்று, இரண்டு கையாலும் பிடித்து, ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளச் சொன்னார். அரை மணி நேரம். நேராக நிற்கிற வண்டியை ஒரு விரலால் தாங்க முடிகிறது, இடுப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் இடுப்பே தாங்க வேண்டியிருக்கிறது, இன்னும் சாய்ந்தால் யாராலும் தாங்க முடியாது என்பதை அன்றைக்கு உடம்பு தெரிந்துகொண்டது.

இரண்டாம் ஞாயிறு கிளட்ச். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். ஓரிடத்தில் வண்டி லேசாக முனகும், முன்னால் போகத் துடிக்கும். அந்த இடத்திலேயே விரல்களை நிறுத்த வேண்டும். மெக்கானிக்குகள் ஹாஃப் கிளட்ச் என்பார்கள். சார் அதை 'பூனை வாய்' என்றார். குட்டியைக் கவ்வவும் வேண்டும், கடிக்கவும் கூடாது. அந்த இடம் பழகிய பிறகு, ஆக்சிலரேட்டர் லேசாகத் திருகி அதே அளவில் நிற்கும். வலது பாதம் பின் பிரேக்கை உரசிக்கொண்டே இருக்கும். எஞ்சின் முன்னால் இழுக்க, பிரேக் பின்னால் பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நிற்கும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இடது கையின் இரண்டு விரல்களின் வேலை.

அப்படியே 20 மீட்டர் நேர்கோட்டில், எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஜப்பானில் பெரிய பைக் லைசென்ஸுக்கு இது ஒரு தேர்வு. 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகைப் பாதையில் கீழே இறங்காமல் போக வேண்டும். அதைக் கடக்க 10 நொடிக்குக் குறையக் கூடாது. சீக்கிரம் போனால் மார்க் குறையும். முதல் நாள் என்னால் 6 நொடிதான் முடிந்தது. இப்போது 14 நொடி வரை இழுக்கிறேன்.

அன்றைக்குத்தான் சார் முக்கியமான பாடத்தைச் சொன்னார். திரும்பும்போது வண்டி உள்பக்கம் விழப்போகிறது என்று தோன்றினால் நம் உடம்பு காலை நீட்டப் பார்க்கும். காலை நீட்டக் கூடாது. "கிளட்ச்சை ஒரு நூல் விடும்மா. வண்டி தானா எழுந்துக்கும்." செய்து பார்த்தேன். உள்பக்கம் சரிந்த வண்டி, யாரோ கை கொடுத்துத் தூக்கியது போல நிமிர்ந்தது. ஓட்டம் கொஞ்சம் கூடினால் சாய்வைத் தாங்குகிற விசையும் கூடுகிறது. அறிவியல் அவ்வளவுதான். விரலுக்கு அது பழக இரண்டு மாதம் ஆயிற்று.

கோலத்தில் கிடைத்த விடை

வட்டம் போடுவதில்தான் மாட்டிக்கொண்டேன். நாலு செங்கல் துண்டுகளை வைத்து அவற்றைச் சுற்றி வரச் சொன்னார். ஒவ்வொரு முறையும் செங்கல் மேல்தான் ஏறினேன். "தரையைப் பார்க்காதே, போற எடத்தைப் பாரு" என்று சார் கத்துவார். பார்க்கிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல ஞாயிறுகள் போயின.

மார்கழி பிறந்தது. அதிகாலை வாசலில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். புள்ளி வைத்துவிட்டேன். இழை வளைந்து வளைந்து போகிறது. நடுவில் என் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தேன். மாவு விழுகிற இடத்தை நான் பார்க்கவே இல்லை. கை ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த வளைவுக்குப் போய், இழை அங்கே எப்படி நுழைய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. விரல் அதன் பின்னாலேயே வருகிறது. விரலைப் பார்க்க ஆரம்பித்தவுடன் இழை நடுங்கிப் புள்ளியில் முட்டியது. பத்து வயதிலிருந்து போடுகிற கோலம். இதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த ஞாயிறு செங்கற்களைப் புள்ளிகளாக நினைத்துக்கொண்டேன். ஒன்றைச் சுற்றும்போதே தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் திருப்பி, அடுத்த கல்லுக்கு அப்பால் உள்ள வெற்றிடத்தைப் பார்த்தேன். வண்டி சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. சார் ஒன்றும் சொல்லவில்லை, செங்கற்களை இன்னும் ஓரடி நெருக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மிச்சமிருந்தது உடம்பு. வேகமாக வளையும்போது வண்டியோடு சேர்ந்து சாய்வோம். நடை வேகத்தில் மாற்றிச் செய்ய வேண்டும். வண்டி உள்பக்கம் சாயட்டும், நாம் நிமிர்ந்து, சீட்டின் வெளிப்பக்கம் எடையை வைக்க வேண்டும். இடது பக்கம் திரும்பினால் வலது தொடையில் உட்கார்ந்த மாதிரி. அப்போது வண்டி இன்னும் சாயும், வட்டம் இன்னும் சிறிதாகும். குடியரசு தின அணிவகுப்பில் ஒரே புல்லட்டில் பலர் கோபுரமாக நின்று மெல்ல ஊர்ந்து போவார்களே, அதிலும் இதே அடிப்படைதான். ராணுவ சிக்னல்ஸ் பிரிவின் 'டேர் டெவில்ஸ்' குழு 1935-இல் தொடங்கியது. 2018-இல் எல்லைப் பாதுகாப்புப் படையின் பெண்களும், 2020-இல் சி.ஆர்.பி.எஃப். பெண்களும் அதே அணிவகுப்பில் புல்லட்டில் வித்தை காட்டினார்கள். தோள் வலுவை மட்டும் நம்பி அந்த வேகத்தில் வண்டியை நிறுத்திவைக்க முடியாது.

விழவும் எழுப்பவும்

பழகும்போது நான்கு முறை வண்டியைப் போட்டிருக்கிறேன். சார் முதலிலேயே சொல்லியிருந்தார்: ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடிக்காதே, விட்டுவிட்டு விலகு. லீவர் முந்நூறு நானூறு ரூபாயில் கிடைக்கும், முட்டி கிடைக்காது. கிராஷ் கார்டு இருந்தால் வண்டி முழுக்கப் படுக்காது, காலும் அடியில் மாட்டாது.

தூக்குவதற்கும் முறை உண்டு. முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் வண்டி மறுபக்கம் விழும். கியரில் இருந்தால் உருளாது. பிறகு வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டில் பின்புறம் பதிய குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல், சின்னச் சின்ன எட்டாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். தூக்குவது கால்கள். 58 கிலோ எடையுள்ள நான் 195 கிலோவைத் தனியாக நிமிர்த்தினேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சின் காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது. நடை வேகத்தில் காற்று வராது. கிளட்ச்சும் ஆயிலில் நனைந்து வேலை செய்வதால் கொஞ்ச நேரம் உரசலைத் தாங்கும், மணிக்கணக்கில் தாங்காது. பத்து நிமிஷம் சுற்றினால் ஐந்து நிமிஷம் நிறுத்திவைப்போம். காலை வெயிலுக்கு முன்பே முடித்துக்கொள்வோம்.

லைசென்ஸ் சொல்லித் தராதது

'எட்டு போட்டாச்சா?' என்பது நம் ஊரில் லைசென்ஸ் வாங்கியாச்சா என்பதற்கு மறுபெயர். நானும் எட்டு போட்டவள்தான். டிரைவிங் ஸ்கூல் கொடுத்த இலேசான வண்டியில் ஒரே ஒரு எட்டு. கால் ஊன்றவில்லை, பாஸ். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு நம் நாட்டில் ஒரே லைசென்ஸ். 100 சிசி வண்டியில் எட்டு போட்டு வாங்கிய அட்டையை வைத்துக்கொண்டு, மறுநாளே 241 கிலோ எடையுள்ள சூப்பர் மீட்டியர் 650-ஐக் கடையிலிருந்து ஓட்டிக்கொண்டு வரலாம். சட்டப்படி தவறில்லை. ஜப்பானில் 400 சிசிக்கு மேல் தனி லைசென்ஸ். ஐரோப்பிய நாடுகளில் வண்டியின் சக்தியைப் பொறுத்து மூன்று படிகள்.

அந்த எட்டை வடிவமைத்தவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். இடது, வலது, கிளட்ச், பார்வை எல்லாம் அதற்குள் இருக்கிறது. நாம் அதை ஒரு நாள் சடங்காக்கி விட்டுவிட்டோம். கனமான வண்டிகளை அதே வண்டியில் எட்டு போட்டுக் காட்டிய பிறகே ஓட்ட அனுமதிக்க வேண்டும் என்பது என் கருத்து. குறைந்தபட்சம், விற்கிற கடைகளாவது சாவி கொடுப்பதற்கு முன் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்கலாம்.

போன மாதம் பிளஸ் டூ படிக்கிற என் மகனைப் பின்னால் வைத்துக்கொண்டு அதே சி.டி.எச். ரோடு இடைவெளியில் திரும்பினேன். டபுள்ஸில் எடை கூடும், பின்னால் இருப்பவர் அசைந்தால் வண்டியும் அசையும். "அசையாம உக்காருடா" என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் லாரி ஒன்று எதிரில் மெதுவாக வந்தது. தலையைத் திருப்பினேன், பின் பிரேக்கை உரசினேன், கிளட்ச்சை ஒரு நூல் விட்டேன். முன் பிரேக் பக்கம் விரல் போகவில்லை. திரும்பிய பிறகுதான் அது நான் விழுந்த இடம் என்று நினைவு வந்தது.

உங்கள் வீட்டில் கனமான வண்டி இருந்தால், அதில் ஏலகிரிக்கோ லடாக்குக்கோ போகத் திட்டமிருந்தால், அதற்கு முன் ஆளில்லாத ஒரு ரோட்டைத் தேடுங்கள். நாலு செங்கல் துண்டு, ஒரு கைப்பிடி சுண்ணாம்பு, ஹெல்மெட், ஷூ, கையுறை, கூட ஒரு ஆள். வாரத்துக்கு இருபது நிமிஷம் போதும். லைசென்ஸுக்காகப் போட்ட எட்டை, இந்த முறை உங்கள் சொந்த வண்டியில் போட்டுப் பாருங்கள்.